நீங்களே கட்டும் காருக்கு ஏர்கோன், ஹீட்டர் வயரிங்: கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பழைய டட்சனையோ முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவையோ பிரித்துப் போட்டு, ஹாஃப் கட் கடையில் (பழைய காரைப் பாதியாக வெட்டி இன்ஜினோடு விற்கும் கடை) வாங்கிய வேறொரு இன்ஜினை அதில் உட்கார வைப்பவர்கள் கோலாலம்பூரில் நிறையப் பேர். இன்ஜினுக்கும் பெயிண்டுக்கும் காட்டும் பொறுமையை அவர்களில் பலர் ஏர்கோன் வயரிங்குக்குக் காட்டுவதில்லை. கடைசி வாரத்தில், கையில் மிஞ்சிய வயரைக் கொண்டு, சாவி சுவிட்சிலிருந்து ஒரு கிளை இழுத்து முடித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கார் ஜாலான் துன் ரசாக் நெரிசலில் நின்றால் சூடான காற்றுதான் வரும். ஜன்னலை இறக்கிவிட்டு கேஸ் கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. பெரும்பாலும் குறை கேஸில் இருப்பதில்லை, மின்சாரம் போகும் பாதையில்தான் இருக்கிறது.

கம்ப்ரசரைப் பொருத்துவது, குழாய்களுக்கு அளவெடுத்து முனை அழுத்துவது, கேஸ் ஏற்றுவது எல்லாம் ஏர்கோன் பட்டறையின் வேலை. வயரிங்கை நீங்களே செய்யலாம். மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்திருந்து, அவசரப்படாத மனமும் இருந்தால் போதும். இன்ஜினை மாற்றியிருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல் வேண்டும். அதை வயரிங்குக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நிலைத்த பிறகு வயர் இழுப்பதே முறை.

முதலில் கணக்கு

வயரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஏழு மணி, கொட்டும் மழை, ஃபெடரல் நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருக்கும்? 55 வாட் முன்விளக்கு இரண்டு, ஏறக்குறைய 9 ஆம்பியர். பின்விளக்கும் டாஷ்போர்டு விளக்கும் சேர்ந்து 3. வைப்பர் 5. இக்னிஷனும் மின்சார பெட்ரோல் பம்பும் 9 அல்லது 10. இவற்றோடு ஏர்கோனைச் சேருங்கள். காருக்குள் காற்றைத் தள்ளும் புளோவர் முழு வேகத்தில் 15, முன்னால் இருக்கும் கண்டென்சரைக் குளிரவைக்கும் விசிறி 10, கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் 4. கூட்டினால் 55 ஆம்பியர் வந்துவிடுகிறது.

எழுபதுகளின் சிறிய கார்களில் வந்த ஆல்டர்னேட்டர் 35 முதல் 50 ஆம்பியர் வரைதான் தரும். அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போது. ஐடலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) அதன் பாதி கிடைத்தாலே பெரிது. எனவே 70 முதல் 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஒன்றை முதலில் தேடுங்கள். ஹாஃப் கட்டில் இன்ஜினோடு வந்ததே பெரும்பாலும் போதும். ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றிவிட்டு, அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் பழைய மெல்லிய வயரை அப்படியே விட்டுவிடாதீர்கள். அங்கே 16 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள். பழைய கார்கள் சிலவற்றில் மொத்த மின்சாரமும் டாஷ்போர்டு அம்மீட்டர் வழியாகச் சுற்றிவிட்டுத்தான் பேட்டரிக்குப் போகும். அந்த மீட்டர் இந்தச் சுமையைத் தாங்காது. பழைமை அழகுக்காக அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மின்சாரம் மட்டும் அதன் வழியாகப் போக வேண்டாம்.

தடித்த கோடு, மெல்லிய கோடு

இதே தாளில் படம் வரையுங்கள். பெரிய மின்சாரம் போகும் வயர்களைத் தடித்த கோடாகவும், கட்டளை மட்டும் சொல்லும் வயர்களை மெல்லிய கோடாகவும் போடுங்கள். தடித்த கோடு பேட்டரியில் புறப்பட்டு, ஃபியூஸ், ரிலே வழியாக மோட்டாரை அடையும். ரிலே என்பது உள்ளே ஒரு சுருளை வைத்து, சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். மெல்லிய கோடு டாஷ்போர்டிலிருந்து வந்து ரிலேயின் சுருளோடு நின்றுவிடும். இந்த இரண்டும் எங்கேயும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. சாவி சுவிட்ச் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கட்டும். அந்தச் சுருள் எடுப்பது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், நாற்பது வயதான சுவிட்சுக்கும் அது ஒரு சுமையே இல்லை.

சாதாரண நான்கு கால் ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 30 என்பது ஃபியூஸிலிருந்து வரும் மின்சாரம், 87 என்பது மோட்டாருக்குப் போவது, 85, 86 இரண்டும் சுருளின் இரு முனைகள். கடையில் ஐந்து கால் ரிலே கொடுத்துவிட்டால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். ரிலே ஓய்ந்திருக்கும்போது அந்தக் காலில்தான் மின்சாரம் நிற்கும். எந்த வயரையும் அதில் செருகாதீர்கள், வெறுமையாக இருந்தால் டேப் சுற்றிவிடுங்கள். மூன்று ரிலே தேவை: புளோவருக்கு ஒன்று, கண்டென்சர் விசிறிக்கு ஒன்று, கிளட்சுக்கு ஒன்று. மூன்றும் 40 ஆம்பியர் வகையாகவே இருக்கட்டும். நடுவழியில் ஒன்று போனால் இன்னொன்றைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

ரிலே, ஃபியூஸ் பெட்டி, டையோடு, வெப்பத்தில் சுருங்கும் உறை போன்றவற்றுக்குப் புடுவில் உள்ள ஜாலான் பசார் கடைகள் போதும். வயரை மட்டும் கார் வயர் விற்கும் கடையில் வாங்குங்கள். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் காரின் அதிர்வில் உள்ளுக்குள்ளேயே முறிந்துபோகும், வெளியே பார்த்தால் தெரியாது. நுண்ணிய இழைகள் பல சேர்ந்த செம்பு வயர்தான் வேண்டும்.

பேட்டரியிலிருந்து

பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாசிட்டிவிலிருந்து 10 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்று. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 50 ஆம்பியர் பிரதான ஃபியூஸ். அங்கிருந்து சின்ன ஃபியூஸ் பெட்டிக்குப் போய் மூன்றாகப் பிரியும்: புளோவருக்கு 25, விசிறிக்கு 20, கிளட்சுக்கு 7.5.

பிரதான ஃபியூஸ் ஏன் இவ்வளவு அருகில்? செந்தூலில் பல வருடமாக வயர்மேனாக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “தம்பி, ஃபியூஸ் மோட்டாரைக் காப்பாற்றுவதற்கு இல்லை, வயரைக் காப்பாற்றுவதற்கு. ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயரைக் காப்பாற்ற யாரும் இல்லை” என்றார். பயர்வாலின் (இன்ஜின் அறைக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகடு) கூரான விளிம்பில் வயர் உரசி பாடியைத் தொட்டால், முன்னால் ஃபியூஸ் இல்லாத வயர் சில நொடிகளில் சிவந்துவிடும். அதற்காகவே பயர்வாலில் துளையிடும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். வயர் உள்ளே நுழைவதற்கு முன் சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், அப்போது மழைநீர் வயரோடு உள்ளே ஓடாமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

வயரின் பருமனை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.017 ஓம் தடை உண்டு. புளோவருக்கு மூன்று மீட்டர் வயர், 15 ஆம்பியர் என்றால் போகும் வழியிலேயே 0.77 வோல்ட் தொலைந்துவிடும். அதே பருமனில் எர்த் வயரும் (பேட்டரி நெகடிவுக்குத் திரும்பும் பாதை) திரும்பி வந்தால் மொத்தம் ஒன்றரை வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஒரு வழியில் தொலைவது 0.19 வோல்ட்தான். புளோவர் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரை மாற்றப் புறப்படுபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கிளட்சுக்குப் போகும் சங்கிலி

ஏர்கோன் வயரிங்கின் உயிர்நாடி இதுதான். கிளட்ச் ரிலேயின் சுருளுக்கு மின்சாரம் நேராகப் போகக் கூடாது. வழியில் உள்ள எல்லா சுவிட்சுகளும் சம்மதித்தால்தான் போக வேண்டும்.

சங்கிலியின் தொடக்கம், சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினால் உயிர் வந்து, ஸ்டார்ட் செய்யும் நொடியில் உயிர் போகும் முனை. அது எது என்பது காருக்குக் கார் மாறும், வயரின் நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். அங்கிருந்து புளோவர் சுவிட்ச். எந்த வேகத்தில் வைத்தாலும் உயிரோடு இருக்கும் முனையிலிருந்துதான் அடுத்த வயர் போக வேண்டும். புளோவர் நின்றிருக்கும்போது கம்ப்ரசர் ஓடினால் கூலிங் காயிலில் (டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் பாகம்) பனி கட்டிவிடும், அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஜப்பானிய கார்கள் பலவற்றில் புளோவர் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அப்படியானால் சங்கிலியின் கடைசி முனையை, அதாவது ரிலே சுருளின் எர்த் முனையை, அந்த சுவிட்சில் கொண்டுபோய் முடியுங்கள், பலன் ஒன்றுதான்.

அடுத்து ஏர்கோன் பொத்தான், பிறகு தெர்மோஸ்டாட். காயில் உறைநிலையை நெருங்கும்போது தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்த வேண்டும். அதிலிருந்து வரும் மெல்லிய உலோகக் குழாயை காயிலின் தகடுகளுக்கு நடுவே, மிகவும் குளிரும் இடத்தில், இரண்டு மூன்று விரல் ஆழத்துக்குச் செருகுங்கள். அந்தக் குழாயும் உலோகம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புளோவர் முனையில் அது பட்டால் ஷார்ட் ஆகும், வரும் வழியெங்கும் உறை போடுங்கள். உங்கள் யூனிட்டில் குழாய்க்குப் பதிலாக இரண்டு மெல்லிய வயரோடு சின்ன சென்சார் இருந்தால் அதை சுவிட்ச் என்று நினைத்துச் சங்கிலியில் கோத்துவிடாதீர்கள். அதற்கென்று உள்ள ஏர்கோன் கட்டுப்பாட்டுப் பெட்டியோடுதான் அது வேலை செய்யும்.

கடைசியாகப் பிரஷர் சுவிட்ச். கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலோ அதை ஒட்டிய குழாயிலோ இருக்கும். கேஸ் ஒழுகி அழுத்தம் ஏறக்குறைய 30 பிஎஸ்ஐக்குக் கீழே போனாலும், விசிறி நின்று 400 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறினாலும் இது சங்கிலியை அறுத்துவிடும். “இது எதற்கு, நேராக இணைத்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சில வெள்ளி விலையுள்ள இந்தச் சுவிட்ச் இல்லாமல் கம்ப்ரசரைக் கருக்கிக்கொண்டவர்கள் உண்டு.

நான்கு வயர் உள்ள டிரினரி சுவிட்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. அதிலுள்ள இன்னொரு ஜோடி, அழுத்தம் 220, 250 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறும்போது விசிறியைப் போட்டுவிடும். ஆனால் நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் என் கருத்து வேறு. கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் விசிறியும் ஓடட்டும். விசிறி ரிலேயின் சுருளைக் கிளட்ச் ரிலேயின் 87-லிருந்து இயக்கினால் இது தானாக நடக்கும். இரண்டு விசிறி வைத்திருப்பவர்கள் இரண்டாவதை மட்டும் டிரினரியிடம் ஒப்படைக்கலாம்.

கிளட்ச் அணையும்போது அதன் சுருளிலிருந்து ஒரு மின்துடிப்பு எதிர்த்திசையில் எழும்பும். ரிலேயின் முனைகளைத் தின்பதும் இசியூவைக் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) குழப்புவதும் இதுதான். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்றை கிளட்ச் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் போடுங்கள். வெள்ளிக் கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஃபியூஸ் உடனே போய்விடும், அந்த வகையில் தவறு சீக்கிரம் தெரிந்துவிடும்.

பல கம்ப்ரசர்களில் கிளட்சுக்கு ஒற்றை வயர்தான். திரும்பும் பாதை இன்ஜின் உடம்பு. இன்ஜினோ ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. எனவே இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒன்று, பேட்டரி நெகடிவிலிருந்து இன்ஜினுக்கு ஒன்று எனத் தடித்த எர்த் பட்டை இரண்டு வேண்டும். புதிதாகப் பெயிண்ட் அடித்த காரில் எர்த் போல்ட்டின் அடியில் பெயிண்டைச் சுரண்டத் தயங்காதீர்கள். சுரண்டி, இறுக்கி, அதன் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் துரு ஏறாது.

புளோவரும் விசிறியும்

புளோவரின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் காற்று ஓடும் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். அது சூடாகும், காற்றுதான் அதைக் குளிரவைக்கிறது. வெளியே கார்பெட் அருகில் திருகி வைப்பது தீயை அழைப்பதாகும்.

விசிறி, புளோவர் இரண்டிலும் வயர் மாறிப்போனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கண்டென்சர் விசிறியில் எளிது. காருக்கு முன்னால் நின்று ஒரு தாளைக் கிரில்லின் அருகே பிடியுங்கள், தாள் உள்ளே இழுபட வேண்டும். உங்கள் முகத்தை நோக்கிப் பறந்தால் வயரை மாற்றுங்கள். புளோவர் அப்படி இல்லை. அதன் உருளைச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்று அதே வழியில்தான் வரும், ஆனால் பலவீனமாக வரும். சத்தம் உண்டு, காற்று இல்லை என்றால் அங்கே சந்தேகப்படுங்கள்.

ஹீட்டர் நமக்கு எதற்கு

சிரிப்பார்கள்தான். கேமரன் மலையில் அதிகாலை காரை எடுத்தவர்களும், கெந்திங் மேகத்துக்குள் மழையில் ஏறியவர்களும் சிரிக்கமாட்டார்கள். கண்ணாடியின் உள்பக்கம் மூடுபனி படிந்தால் ஏர்கோன் காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் அதே காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். இரண்டும் சேர்ந்து ஓடினால் கண்ணாடி சீக்கிரம் தெளியும். கோலாலம்பூர் மழையில் நடப்பது பெரும்பாலும் இதற்கு மாறானது. குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் நீராவி படிகிறது. அதற்கு வைப்பரும், குளிரைக் கொஞ்சம் குறைப்பதும் போதும்.

ஹீட்டருக்கு வெப்பம் தருவது ரேடியேட்டர் தண்ணீர். வயரிங் மிகக் குறைவு. தண்ணீர் வால்வு ஒன்று, இன்ஜினிலிருந்து சூடான தண்ணீர் வரும் குழாயில், அம்புக்குறி பார்த்துப் பொருத்த வேண்டும். கேபிளால் இழுக்கும் வால்வு என்றால் வயரே கிடையாது. முதன்முறை செய்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். மின்சார வால்வு என்றால் மின்சாரம், எர்த், டாஷ்போர்டு குமிழிலிருந்து கட்டளை என மூன்று வயர் இருக்கும். கட்டளை வயரை இக்னிஷன் வயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள், வால்வு தானாகத் திறந்து மூடும். வால்வு முழுமையாக மூடுகிறதா என்பது முக்கியம். கொஞ்சம் கசிந்தாலும் கூலிங் காயில் குளிரவைத்த காற்றை ஹீட்டர் மறுபடி சூடாக்கிவிடும். “கேஸ் சரி, அழுத்தம் சரி, ஆனால் குளிரவில்லை” என்ற புகாரில் இதையும் பாருங்கள்.

தண்ணீர்க் குழாய் வேலை வேண்டாம், மின்சார ஹீட்டரே போடலாமே என்று கேட்பவர்களுக்கு: 12 வோல்ட்டில் 1000 வாட் என்றால் 83 ஆம்பியர். சிகரெட் லைட்டரில் செருகும் 150 வாட் பெட்டியோ உள்ளங்கையைக்கூடச் சரியாகச் சூடாக்காது.

இன்ஜினுக்குச் சொல்லுங்கள்

கம்ப்ரசர் பிடித்ததும் சிறிய இன்ஜின் தடுமாறும். கார்புரேட்டர் என்றால் ஐடல் வேகத்தை ஏற்றும் ஐடல் அப் வால்வு ஒன்றைப் பொருத்தி, கிளட்ச் ரிலேயின் 87-லிருந்து அதற்கும் ஒரு வயர் கொடுங்கள். இன்ஜெக்‌ஷன் என்றால் இசியூவில் ஏர்கோன் கோரிக்கைக்கென்று ஒரு கால் இருக்கும். சங்கிலியின் முடிவை அங்கே கொண்டுபோய்விட்டு, கிளட்ச் ரிலேயை இசியூவே இயக்கட்டும். ஐடலை ஏற்றிய பிறகுதான் அது கம்ப்ரசரைப் போடும், முழு வேகத்தில் முந்தும்போது கொஞ்ச நேரம் நிறுத்தியும் வைக்கும். ஹாஃப் கட் வாங்கும்போதே ஏர்கோன் பெட்டியையும், எல்லா பிளக்கையும் ஒரு சாண் வயரோடு கேட்டு வாங்குங்கள். பின்னால் போனால் கிடைக்காது.

கேஸுக்கு முன் சோதனை

இன்ஜின் அணைந்திருக்க, சாவி ஆன் நிலையில், பிரஷர் சுவிட்சின் இரு முனைகளையும் தற்காலிகமாக ஒரு துண்டு வயரால் இணையுங்கள். புளோவரைப் போட்டு ஏர்கோன் பொத்தானை அழுத்தினால் கிளட்ச் ‘டக்’ என்று ஒட்ட வேண்டும். புளோவரை நிறுத்தினால் விட வேண்டும். பொத்தானை அணைத்தாலும் விட வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு அந்தத் துண்டு வயரை எடுத்துவிடுங்கள். கேஸ் இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டு இதைச் செய்யாதீர்கள். கம்ப்ரசருக்கு எண்ணெய் கேஸோடுதான் சுற்றிவருகிறது.

பிறகு பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஆர்12 என்ற பழைய கேஸ் ஓடிய அமைப்பில் மிச்சமிருக்கும் குழாய், டிரையர், எண்ணெய் எதையும் அதற்குப் பிறகு வந்த ஆர்134ஏ கேஸுக்குப் பயன்படுத்த விடாதீர்கள். எண்ணெய் வகையே வேறு.

கேஸ் ஏறியதும் வரும் குறைகளில் சில மின்சாரக் குறைகளே. நெடுஞ்சாலையில் குளிர்ந்து நெரிசலில் குளிராவிட்டால் கண்டென்சர் விசிறியைப் பாருங்கள். அரை மணி கழித்துக் காற்றின் அளவு குறைந்துகொண்டே போனால் காயில் உறைகிறது, தெர்மோஸ்டாட் குழாய் வெளியே வந்திருக்கும். கிளட்ச் சில நொடிக்கொரு முறை ஒட்டி ஒட்டி விட்டால் கேஸ் குறைவு, வயரில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கடைசிச் சோதனையை இரவில் செய்யுங்கள். முன்விளக்கு, வைப்பர், முழு வேகத்தில் புளோவர், ஏர்கோன் எல்லாம் ஓட, இன்ஜின் ஐடலில் இருக்க, பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சரி. அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மற்றொன்றைக் கிளட்ச் வயரிலும் வையுங்கள், அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் நடுவில் எங்கோ ஒரு முனை தளர்ந்திருக்கிறது. பேட்டரியிலேயே 13-க்குக் கீழே இறங்கினால் வயரிங்கை விடுங்கள், ஆல்டர்னேட்டர் புல்லியின் அளவையும் பெல்ட் வழுக்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.